காரும் புகாரும்

கார் விற்பவருக்கு வாடிக்கையாளரை ஒரு நாள்தான் தெரியும். புகார் வாங்குபவருக்கு ஆயுசு முழுக்கத் தெரியும். நான் இரண்டாவது ரகம். ரயில்வே விசாரணை ஜன்னலிலும், பாங்க் கவுண்டரிலும், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலும் உட்கார்ந்து ஊரார் கோபத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்ட சக தோழர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

அறுபதுகளின் கடைசியில், கல்கத்தாவில் ஒரு பெரிய கார் கம்பெனியின் ஏஜென்சியில் எனக்கு வேலை கிடைத்தது. கம்பெனி பேர் வேண்டாம். உருண்டைக் கூரையும் சோபா மாதிரி சீட்டும் உள்ள கார். ஊரில் கல்யாண ஊர்வலமும் அதில்தான், டாக்ஸியும் அதுதான். டைப் அடிக்க என்று எடுத்தார்கள். முதல் வாரமே மானேஜர் கோஷால் பாபு புகார்க் கடிதங்கள் அடங்கிய தடித்த ஃபைலை என் மேஜையில் வைத்து, இனி பதில் எழுத வேண்டியது நான்தான் என்றார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, பானெட்டைத் திறந்தால் எது பாட்டரி என்றுகூடத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். கோஷால் பாபுவின் முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப நல்லது, மிஸ் கோமதி. தெரிஞ்சிருந்தா உண்மையை எழுதிடுவீங்க."

பிஸ்கட் டப்பா

நான் பார்த்த முதல் வாடிக்கையாளர் பல்வந்த் சிங். டாக்ஸிக்காரர். ஆறடி உயரம், மீசையைத் தாண்டித்தான் குரல் வரும். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை என் மேஜை மேல் கவிழ்த்தார். ஸ்க்ரூ, வாஷர், வளைந்த கம்பி ஒன்று, கதவுக் கைப்பிடியின் பாதி, எதற்கென்றே தெரியாத ஒரு ரப்பர் வளையம் எல்லாம் கடகடவென்று கொட்டின. டைப்ரைட்டர் ரிப்பன்மேல் கிரீஸ்.

கோஷால் பாபு சொல்லிக் கொடுத்தபடி, "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்" என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குக் கோபமே இல்லை. வாசலில் அவருடைய டாக்ஸி இன்ஜினைக்கூட நிறுத்தாமல் குலுங்கிக்கொண்டு நின்றது.

"இதெல்லாம் இந்த ஒரு வருஷத்துல கழண்டு விழுந்தது, மேடம். வண்டி நல்லாத்தான் ஓடுது. அடுத்த வண்டியில இதையெல்லாம் போடவேண்டாம்னு கம்பெனிக்கு எழுதுங்க."

ஹாரன் டாக்டர்

அந்த நாளில் கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டாக்டர் பட்டாச்சார்ஜி நான் வேலையில் சேர்வதற்கு முன்பே பதிவு செய்தவர். மாதம் ஒரு முறை வந்து தன் முறை எப்போது என்று கேட்பார். இன்னும் இல்லை என்று நான் சொல்வேன். தலையை ஆட்டிவிட்டு, ஷோரூமில் நிற்கும் காரில் ஏறி உட்காருவார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்ப்பார். பிறகு ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். முதலில் சிரித்த விற்பனை ஆட்கள், நாளாக ஆக, அவர் வரும் நேரத்துக்கு அந்தக் காரைத் துடைத்து வைக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு வழியாக அவர் முறை வந்தது. பானெட்டில் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. கண்ணில் புரை விழுந்திருக்கிறது, இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று போன மாதம்தான் சொல்லிவிட்டார்களாம். மெதுவாகச் சொன்னார். நீட்டிய சாவியோடு நான் அப்படியே நின்றேன். இந்த ஒரு புகாருக்கு எந்த ஃபைலிலும் பதில் கிடையாதே!

அப்போது அவருக்குப் பின்னால் நின்றிருந்த அவர் மனைவி முன்னால் வந்தார். நூல் புடவை கட்டிய, குட்டையான, அமைதியான அம்மாள். கைப்பையிலிருந்து தன் டிரைவிங் லைசென்ஸை எடுத்து என் மேஜையில் வைத்தார். டாக்டர் மாதாமாதம் இங்கே வந்துகொண்டிருந்த சமயத்தில் அந்த அம்மாள் ஒரு டிரைவிங் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. டாக்டர் லைசென்ஸைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் படித்தார். அந்த அம்மாள் சாவியை வாங்கிக்கொண்டு மறுபக்கக் கதவை அவருக்குத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க. வண்டியை நான் பாத்துக்கறேன், ஹாரன் உங்க பொறுப்பு."

இங்கிலீஷ்காரரின் அப்பா

எங்கள் காரின் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே ஒரு கம்பெனி கைவிட்ட மாடலை, வரைபடம் அச்சு எல்லாவற்றோடும் எங்கள் முதலாளிகள் வாங்கிவந்து இங்கே செய்ய ஆரம்பித்தார்கள். இதை வாடிக்கையாளரிடம் சொல்லும்போது "நன்கு பரீட்சிக்கப்பட்ட வடிவமைப்பு" என்று சொல்லவேண்டும் என்பது உத்தரவு.

ஒரு மே மாத வெயிலில் ஒரு வெள்ளைக்காரர் மின்விசிறிக் காற்றுக்காகவே உள்ளே வந்தார். ஏதோ தேயிலைக் கம்பெனி வேலையாக வந்த இன்ஜினீயர். ஷோரூம் காரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று சுற்று சுற்றினார். இவ்வளவு அழகாகப் பழசைப் புதுப்பித்தது யார் என்று என்னைக் கேட்டார். புதுப்பிக்கவில்லை ஐயா, செவ்வாய்க்கிழமைதான் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்தவர், மைல் காட்டும் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். சின்ன வயதில் அவரும் தம்பியும் இதே சீட்டில் ஜன்னலுக்குச் சண்டை போட்டார்களாம். வண்டியை விற்ற அன்று அவர் அப்பா சாப்பிடவில்லையாம். போகும்போது கதவை இரண்டு தடவை திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"ஊருக்குப் போனதும் அம்மாகிட்ட சொல்லணும். அப்பாவோட கார் செத்துப்போகல, மாற்றலாகிக் கல்கத்தாவுக்கு வந்திருக்குன்னு."

முற்றிலும் புதிய மாடல்

தொழிற்சாலையிலிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது: முற்றிலும் புதிய மாடல் தயார். ஷோரூமில் ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலைகள், பெரிய மனிதர்களுக்கு அழைப்பு, தட்டு தட்டாக சந்தேஷ் இனிப்பு. நடுவில் சிவப்புப் பட்டுத் துணி போர்த்திய கார். தலைமை ஆபீஸிலிருந்து வந்த டைரக்டர் கம்பெனியின் சரித்திரத்தை அரை மணி நேரம் பேசினார். சொந்தமாகக் கார் செய்யும் தேசம் என்று நாம் தலைநிமிர்ந்த கதையைச் சொன்னபோது நிஜமாகவே எனக்குச் சிலிர்த்தது. துணியை உருவினார்கள். எல்லோரும் கைதட்டினோம்.

முன்பக்கக் கிரில் மாறியிருந்தது. இண்டிகேட்டர் விளக்கு கொஞ்சம் இடம் மாறியிருந்தது. முதல் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், எங்கள் கம்பெனிக் காரை மூன்றாவது தடவையாக வாங்கியவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நிதானமாகப் பார்வையிட்டார். பிறகு சந்தேஷ் தட்டோடு நின்றிருந்த என்னிடம், சபை முழுவதும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"பழசைப் பார்த்தாச்சு அம்மா. புதுசை எப்போ கொண்டு வருவாங்க?"

பெஹாலா வக்கீலின் துர்நாற்றம்

பெஹாலாவிலிருந்து ஒரு வக்கீல் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதியிருந்தார். வண்டிக்குள் தாங்கமுடியாத நாற்றம், பாட்டரி அமிலம் கசிகிறது, குடும்பத்தின் உயிருக்கே ஆபத்து, கோர்ட்டுக்குப் போவேன். ஒர்க்‌ஷாப் தலைவர் ஹல்தார்-தா வண்டியை வரவழைத்தார். 'தா' என்றால் அண்ணன்; வயது வித்தியாசம் பார்க்காமல் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னை அவர் 'தீதி', அதாவது அக்கா, என்பார். பாட்டரியை மாற்றினார், தரை விரிப்பைப் பிய்த்தார், நான்கு நாள் இன்ஜினைக் குடைந்தார். நாற்றம் போகவில்லை. தன் வேலைக்கே உலை வைக்கும் கேஸ் என்று கோஷால் பாபு நகத்தைக் கடித்தார்.

கடிதத்தில் எழுத ஒரு வார்த்தையாவது வேண்டுமே என்று நானே போய்க் கதவைத் திறந்தேன். குப்பென்று எங்கள் வீட்டுச் சமையலறை வாசம்! பின் சீட்டைத் தூக்கச் சொல்லிக் கையை விட்டேன். உடைந்த பெருங்காயப் பொட்டலம். விசாரித்தால், வக்கீலின் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். ஒரு நாள் இவர் வண்டியை இரவல் வாங்கி, கரியாஹாட்டில் நம் ஊர்க்காரர் கடையில் மளிகைச் சாமான் ஏற்றி வந்திருக்கிறார்கள். ஹல்தார்-தா பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

"தீதி, இதையா நீங்க தினம் சாப்பிடறீங்க? இந்த வண்டியோட கம்பி எல்லாம் அரிச்சுப்போகாம இருக்கறதே கம்பெனிக்குப் பெருமை!"

முழங்கால் தண்ணீர்

ஒரு ஜூலை மத்தியானம். காலையிலிருந்து மழை. தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். ஜாதவ்பூரிலிருந்து வரும் சென்குப்தா என்ற இளம் புரொபசர் நனைந்த சட்டையோடு என் மேஜைக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மழை பெய்தால் படுத்துக்கொள்கிறது, இதோ உங்கள் வாசலிலேயே நின்றுவிட்டது. நியாயமான கோபம். நான் வழக்கம்போல வருந்திக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் பியூன் ஓடிவந்து, வண்டியில் இருக்கும் இவர் மனைவிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்றான்.

சென்குப்தா வாசலுக்கு ஓடினார். டெலிபோன் செத்திருந்தது. டாக்ஸி ஒன்றும் இல்லை. ஹல்தார்-தா, டயர் ஏற்ற வைத்திருந்த ஒர்க்‌ஷாப்பின் பழைய வண்டியைக் கொண்டுவந்தார். எங்கள் கம்பெனி ஆரம்ப காலத்தில் செய்த வண்டி. பானெட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார், ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி இன்ஜின் மேல் அடிக்குமாம். ஈரமான பாகங்களைத் தோளில் இருந்த துண்டால் துடைத்தார். பெல்ட் இல்லாமல் இன்ஜின் சூடேறும், அதற்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேரவேண்டும் என்றார். பின் சீட்டில் அந்தப் பெண்ணோடு நான். எனக்குக் காரும் தெரியாது, பிரசவமும் தெரியாது.

கதவிடுக்கு வழியே தண்ணீர் உள்ளே வந்தது. காலைத் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டோம். மிதாலி என்று பேர் சொன்னாள்; அதற்குப் பிறகு பேச முடியாமல் என் கையைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தது. ஒரு முச்சந்தியில் வண்டி இரண்டு தடவை இருமியது. முன் சீட்டில் சென்குப்தா கண்ணை மூடிக்கொண்டார். ஹல்தார்-தா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. "ஆர் ஏக்டு, மா, ஆர் ஏக்டு" என்று சொல்லிக்கொண்டே போனார். இன்னும் கொஞ்சம், அம்மா, இன்னும் கொஞ்சம். காரிடம் சொன்னாரா, அந்தப் பெண்ணிடம் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் பானெட்டிலிருந்து ஆவி பறக்க வண்டி நின்றது. அரை மணியில் பெண் குழந்தை. ஹல்தார்-தா ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்துகொண்டு, துண்டால் முகத்தை மூடி அழுதார். நானும்தான்.

அடுத்த வாரம் சென்குப்தா ஒரு பானை ரசகுல்லாவோடு வந்தார். ஒர்க்‌ஷாப் முழுக்கக் கொடுத்துவிட்டு, கடைசியாக என் மேஜைக்கு வந்து, அதே பழைய விறைப்போடு நின்றார்.

"என் புகாரை நான் வாபஸ் வாங்கல. ஆனா உங்க பழைய வண்டி மேல எனக்கு எந்தப் புகாரும் இல்லைன்னு அதே ஃபைல்ல எழுதி வைங்க."

மூன்று சகோதரர்கள்

எண்பதுகளில் வழவழப்பான சின்ன கார்கள் வந்தன. குலுங்காது, பெட்ரோலும் குடிக்காது. எங்கள் ஆபீஸில் பதிவை ரத்து செய்யும் கடிதங்கள் வர ஆரம்பித்தன. புகார் வந்தால்கூடச் சந்தோஷமாக இருக்கும் என்ற நிலைமை. என் நாற்காலி எத்தனை நாளைக்கு என்று எனக்கே சந்தேகம்.

சான்யால் சகோதரர்கள் மூன்று பேர், ஒரே வீடு, ஒரே அடுப்பு. எங்கள் காரில் பதினோரு பேராகத் துர்கா பூஜை பார்க்கப் போகிறவர்கள். அவர்களும் அதை விற்றுவிட்டு இரண்டு சின்ன கார் வாங்கினார்கள். ஒரு பூஜைக்காலம் போனது. பிறகு ஒரு நாள் மூத்தவர் மட்டும் தனியாக வந்தார். சின்ன கார் நல்ல கார் என்று மனசாரச் சொன்னார். ஆனால் யார் எந்த வண்டியில் ஏறுவது என்று ஆரம்பித்த பேச்சு முற்றி, சப்தமிக்கு ஒரு வண்டி வடக்கேயும் ஒரு வண்டி தெற்கேயும் போய், வீட்டில் மூன்று நாள் யாரோடும் யாரும் பேசவில்லையாம். எங்கள் வண்டி ஒன்று உடனே வேண்டும் என்றார். எந்த நிறம் என்று கேட்டேன்.

"எந்த நிறமா இருந்தா என்ன, தீதி? எல்லாரும் ஒண்ணா உக்காந்து சண்டை போட இடம் இருந்தா போதும்."

இத்தனை வருஷத்தில் எங்கள் கார் ஒன்றுக்கும் உதவாது என்று சொல்ல நகரத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ என் மேஜைக்கு வந்தவர்கள் எல்லோரும், வந்து சேர்ந்தது அந்தக் காரில்தான்.