ஐந்து பத்துக்கு வெளியே போன கோல்கீப்பர்

அவரை நான் முதன்முதலில் சந்தித்தது, அவருக்கு எதிராக நான் தட்டச்சு செய்த நோட்டீஸை அவர் கையிலேயே கொடுத்த நாளில். கால்பந்துச் சங்க அலுவலகத்தில் எனக்கு அது நான்காவது மாதம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டதால், செயலாளர் வில்லங்கமான கடிதங்களை எல்லாம் என் மேஜைக்கே தள்ளிவிடுவார். அந்த நோட்டீஸை நான்கு முறை திருத்தியிருந்தேன். 'ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கக்கூடாது' என்ற இடத்தில் எனக்கே கொஞ்சம் பயம் வந்தது. அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது.

கீழேயிருந்து காவலாளி போன் செய்தார். "சார், இரும்புக் கம்பியோட ஒருத்தர் வந்திருக்கார். மேல விடவா?"

"என்ன கம்பி?"

"ஆளு நம்ம கோல்கீப்பர் மாதிரி இருக்கார். கம்பி என்னன்னு தெரியல."

வந்தவர் ஆறடிக்கு மேல். தோளில் ஏறக்குறைய அவர் உயரத்துக்கு ஒரு இரும்புத் தண்டு, அதன் தலையில் குறுக்குப்பிடி. தெருவுக்கு அடியில் இருக்கும் குடிநீர் வால்வைத் திறக்கும் சாவி அது. "வாரியத்துச் சொத்து தம்பி, வெளிய போட்டுட்டு வர முடியாது" என்று அதை அலமாரியில் சாய்த்து வைத்தார். நின்றபடியே நோட்டீஸை இரண்டு முறை வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

காட்டினேன். போட்டார். தேதி எழுதினார். பிறகு சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, 11.20 என்று நேரமும் எழுதினார்.

"நேரம் வேண்டாம் அண்ணே."

"இருக்கட்டும் தம்பி. கை பழகிடுச்சு."

எங்கள் நாட்டில் பந்து விளையாடி யாரும் பிழைக்க முடியாது. நாட்டு அணியில் ஆடுபவர்களில் ஒருவர் தபால்காரர், ஒருவர் லாரி ஓட்டுபவர். கோல்கீப்பர் குடிநீர் வாரியத்தின் கிழக்குப் பிரிவில் வால்வு திறப்பவர். காலை நாலரைக்குத் திறந்து எட்டுக்கு மூடுவார். இரண்டையும் நேரத்தோடு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் மைதானம். ரசிகர்கள் அவரைப் பூட்டு என்பார்கள். "பூட்டாம் பூட்டு! வீட்டு பீரோவைப் பூட்டிட்டுப் போக மட்டும் ஞாபகம் இருக்காது" என்பார் அவர் மனைவி. நாட்டுக்காக அதுவரை முப்பத்தேழு ஆட்டம். வயது முப்பத்து மூன்று. இரண்டு மாதத்தில் ஒரு தகுதிச்சுற்று ஆட்டம் வரவிருந்தது. அதில் ஜெயித்தால் எங்கள் நாடு முதன்முறையாகப் பெரிய போட்டிக்குப் போகும். தோற்றால் அடுத்த வாய்ப்பு நாலு வருஷம் கழித்து. கோல்கீப்பருக்கு அந்த நாலு வருஷம் கையில் இல்லை.

நடந்தது இதுதான். பயிற்சி முகாமுக்காக அவர் மூன்று வாரம் விடுப்பில் இருந்தார். அவர் இடத்துக்கு மேற்குப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். ஊரில் உள்ள வால்வுகள் எல்லாம் இடப்பக்கம் சுற்றினால் திறக்கும். கிழக்குப் பிரிவின் பெரிய வால்வு மட்டும், எந்தக் காலத்தில் யார் வாங்கிப் போட்டதோ, வலப்பக்கம் சுற்றினால்தான் திறக்கும். பொறுப்பை ஒப்படைக்கும்போது கோல்கீப்பர் இதைச் சொன்னார். வந்தவரும் தலையாட்டினார். மறுநாள் கை பழகிய பக்கமே சுற்றினார். வால்வு அசையவில்லை. அசையாத வால்வு முழுசாகத் திறந்திருக்கிறது என்று முடிவு கட்டி, நோட்டில் 'திறந்தது, 4.30' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கிழக்குப் பிரிவில் தண்ணீர் இல்லை. வாரியத்துக்குப் புகார் போனது. வாரியம் நோட்டைப் பார்த்தது. திறந்தது என்று இருந்ததால் தண்ணீர் வருகிறது என்று பதில் அனுப்பியது.

முகாம் விடுதி கிழக்குப் பிரிவில்தான் இருந்தது. இரண்டாம் நாள் காலை ஐந்து மணிக்கு, வாயில் பற்பசையோடு குழாயைத் திருகிய கோல்கீப்பருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அணி மேலாளரின் அறையைத் தட்டினார். உள்ளிருந்து குறட்டை மட்டும் வந்தது. வாசலுக்குப் போய், வெளியே போகிறவர்கள் கையெழுத்திடும் பதிவேட்டைக் கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே காவலாளிக்கு மறந்துபோயிருந்தது, தேடித் தூசி தட்டிக் கொடுத்தார். 'தண்ணீர் திறக்கப் போகிறேன், 5.10. திரும்பியது, 6.00.' வாரியத்துக் கொட்டகையிலிருந்த சாவியால் வலப்பக்கம் சுற்றிவிட்டு வந்திருந்தார். ஆறேகாலுக்குக் குழாய்கள் இருமிக்கொண்டு தண்ணீரைக் கக்கின. அணி முழுக்கக் குளித்தது. மேலாளரும் குளித்தார். குளித்துவிட்டு வந்து பதிவேட்டைப் பார்த்து, அனுமதியில்லாமல் முகாமை விட்டு வெளியேறியதாகச் சங்கத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

அதே முகாமிலிருந்து எங்கள் முன்கள வீரர், விளம்பரத்திலெல்லாம் வருபவர், இரண்டு தடவை நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போய்வந்தார். படம்கூடப் பத்திரிகையில் வந்தது. ஆனால் அவர் சுவர் ஏறிப் போனார். சுவருக்குப் பதிவேடு கிடையாது. ஆகவே அவருக்கு வாய்மொழி அறிவுரை. பதிவேட்டை நானே முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் முகாமை விட்டு வெளியே போன ஒரே மனிதர் எங்கள் கோல்கீப்பர்.

ஒழுங்குக் குழுவில் மூன்று பேர்: ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், பல் டாக்டர் ஒருவர், எங்கள் செயலாளர். நான் குறிப்பெடுத்தேன்.

"வெளியே போனீர்களா?" என்றார் நீதிபதி.

"போனேன் சார்."

"அனுமதி?"

"கதவைத் தட்டினேன் சார், எந்திரிக்கல. பதிவேட்டுல எழுதினேன்."

"எழுதினால் அனுமதி ஆகிவிடுமா?"

"ஆகாது சார். எழுதினா எழுதினதுதான்."

பல் டாக்டர் குறுக்கிட்டார். "அன்னைக்கு எல்லாரும் பல் தேய்ச்சாங்களா?"

"ஆறேகாலுக்கு அப்புறம் தேய்ச்சாங்க சார்."

விசாரணைக்குத் தொடர்பற்றது என்று நீதிபதி சொன்னதால் அதைக் குறிப்பிலிருந்து நீக்கினேன். தீர்ப்பு: இரண்டு நட்பு ஆட்டங்களுக்குத் தடை. தவிர, எழுத்தில் மன்னிப்புக் கேட்டு, அதை மொத்த அணி முன்னாலும் வாசிக்க வேண்டும். வாசித்தால் தகுதிச்சுற்றுக்கு வரலாம். வாசிக்காவிட்டால் வர முடியாது.

அன்று படியிறங்கும்போது என்னிடம் சொன்னார்: "தம்பி, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. ஒரு கடிதம் எழுதணும். என்ன கடிதம்னு இன்னும் முடிவாகல."

போனேன். மாடியில் இரண்டு அறை. முன்னறையை முக்கால்வாசி ஒரு துணி வெட்டும் மேஜை அடைத்திருந்தது. மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். மேஜை நிறைய நீலத் துணி, கால் இல்லாத கால்சட்டைகள். ஜன்னல் கம்பியில் கோல்கீப்பர் கையுறை இரண்டு கொக்கியில் தொங்கிக் காய்ந்தது. ஒரே நாற்காலியில் மனைவியின் தம்பி உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டர்.

"மாமா, விலகுறேன்னு எழுதுங்க. நாட்டு அணியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு நெத்தியில அடிச்ச மாதிரி எழுதுங்க. பேப்பர்காரங்களுக்கு நான் சொல்றேன்."

"நீ சும்மா இருடா" என்றார் அக்கா, வாயில் குண்டூசியோடு. "டிக்கெட் கிழிக்கிறவனுக்கு விலகுறது லேசு. விளையாடுறது அவர்."

"அக்கா, மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கு என்ன இப்போ? பயணி ஒருத்தன் உன்னைத் திட்டினா பஸ்ஸை விட்டு இறங்கிப் போயிடுவியா?"

"போகமாட்டேன். அவனை இறக்கிவிடுவேன்."

"அப்ப மாமாவையும் சங்கத்தை இறக்கிவிடச் சொல்லு." என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க படிச்சவர். மன்னிப்புக் கேட்டா என்ன ஆகும்?"

"ஆடலாம் அக்கா."

"கேக்கலன்னா?"

"ஆட முடியாது."

"இவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு ஒரு கூட்டம்? ஏங்க, எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. எத்தனை வருஷம் காத்திருந்தீங்க இந்த ஆட்டத்துக்கு!"

கோல்கீப்பர் தரையில் சுவரோரம் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, ரெண்டையும் எழுதுங்க" என்றார்.

நீலத் துணியை ஒதுக்கிவிட்டு மேஜையில் எழுதினேன். மன்னிப்பு ஏழு வரி. விலகல் நாலு வரி. மன்னிப்புதான் நன்றாக வந்தது. இரண்டையும் வாசித்தார்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அடுத்த முகாம்லயும் தண்ணி நின்னு போச்சுன்னா நான் போகணுமா, கூடாதா? அதைக் குழுவுல எழுத்துல கேட்டுடுங்க. பதில் வந்ததும் எந்தக் கடிதம்னு சொல்றேன்."

மூன்றாவது கடிதம் எழுதினேன்.

அந்தக் கேள்விக்காகக் குழு மூன்று முறை கூடியது. போகலாம் என்று எழுதினால் தண்டனை நிற்காது. போகக்கூடாது என்று எழுதினால் பத்திரிகையில் வரும், கிழக்குப் பிரிவில் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிறது. பல் டாக்டர் போகலாம் என்று எழுதிவிடலாம் என்றார். அவரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்கவில்லை. கடைசியில் வந்த பதில்: 'அத்தகைய நிலை மீண்டும் எழாது என நம்பப்படுகிறது.' அதைத் தட்டச்சு செய்ததும் நானே.

கோல்கீப்பர் வாங்கி வாசித்தார். "நம்புறது நல்ல விஷயம்தான்" என்றார்.

நட்பு ஆட்டங்கள் இரண்டும் முடிந்தன. தகுதிச்சுற்றுக்கு ஒன்பது நாள் இருந்தது. பயிற்சியாளர் விடியற்காலை நாலு மணிக்கு என் அறைக்கு வந்து எழுப்பினார். "கடிதம் ரெண்டையும் எடுத்துக்க. ஏழு வரியை மேல வை."

பெரிய வால்வு இருந்த தெருமுனையில் காரை நிறுத்தினோம். கோல்கீப்பர் மூடியைத் தூக்கி வைத்துவிட்டுச் சாவியை இறக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டேய் பூட்டு," என்றார் பயிற்சியாளர், "ஏழு வரிடா. வாசிக்க ஒரு நிமிஷம். தொண்ணூறு நிமிஷம் நிக்கிறவனுக்கு ஒரு நிமிஷம் பெருசா?"

"பதினாலு… பதினஞ்சு… கொஞ்சம் இருங்க சார், எண்ணிக்கை தப்பிடும்."

நாட்டு அணியின் பயிற்சியாளர் முப்பத்திரண்டு வரை காத்திருந்தார். தரைக்கு அடியில் தண்ணீர் புறப்படும் சத்தம் கேட்டது. கோல்கீப்பர் நோட்டை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"சார், எனக்கு ஆடணும். அந்த ஆட்டத்தை ரெண்டு மாசமா கனவுல ஆடிட்டிருக்கேன். இதுவரைக்கும் ஒரு கோல் விடல."

"அப்புறம் என்னடா?"

"என் இடத்துக்கு வந்தவர் திறக்காமலே திறந்ததுன்னு எழுதினார். அவருக்கு ஒண்ணும் ஆகல. நான் போனதைப் போனேன்னு எழுதினேன். அது தப்புன்னு எல்லார் முன்னாலயும் வாசிச்சிட்டேன்னா, நாளைக்கு நாலரைக்கு இந்த நோட்டுல என்ன எழுதுறது?"

"உண்மையைத்தான்."

"அதைத்தான் சார் அன்னைக்கும் எழுதினேன்."

பயிற்சியாளர் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். "சுவர் ஏறிப் போயிருந்தா இந்நேரம் முகாம்ல இருந்திருப்பே."

"முட்டி வலி சார்."

இருவரும் சிரித்தார்கள். பயிற்சியாளருக்குக் கண் கலங்கியிருந்தது. அது தூக்கம் போதாததால் என்று அவரே சொன்னார். கோல்கீப்பர் என் கையிலிருந்த இரண்டில் அடியில் இருந்த கடிதத்தை உருவி, கார் முகப்பில் வைத்துக் கையெழுத்திட்டார். 4.55.

வீரர் ஒருவர் தானாக விலகியது சங்கத்தில் அதுவே முதல் முறை. அதற்கென ஒரு கோப்புத் திறந்து ஒன்று என்று எண் போட்டேன். தடையில் இருப்பவர் விலக முடியுமா என்று நீதிபதி கேட்டார். 'ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை' என்று தீர்மானமானது. பேப்பரில் ஒரு பத்திச் செய்தி வந்தது. மச்சான் சொல்லிப் போட்டது. அதில் கோல்கீப்பர் காயம் காரணமாக விலகினார் என்று இருந்தது.

ஆட்டத்தை அவர் வீட்டில்தான் பார்த்தேன். கோலில் இருபது வயசுப் பையன், முதல் பெரிய ஆட்டம். மச்சான் தோற்க வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு வேண்டிக்கொண்டிருந்தார். "அப்பத்தான் மாமா அருமை தெரியும்." அக்கா மர அளவுகோலால் முதுகில் ஒன்று வைத்தார். கோல்கீப்பர் உட்காரவே இல்லை, மேஜைக்குப் பின்னால் நின்றார். எழுபதாவது நிமிஷம் ஒரு பந்து கீழ் மூலைக்கு வந்தது. பையன் பாய்வதற்கு முன் இவர் தோள் இடப்பக்கம் சாய்ந்தது. தைத்து அடுக்கியிருந்த சீருடைகள் சரிந்தன. பையன் பிடித்துவிட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். தெருவில் வெடிச்சத்தம்.

"நல்லாப் பிடிச்சான்" என்றார். கீழே விழுந்த சீருடைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். பிறகு குளியலறைக்குப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். மச்சான் எழுந்து போகப் பார்த்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். "விடுடா. வருவார்."

வந்தார். மனைவி மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம்னு இருக்கா?"

"இருக்கு" என்றார். "காலையில எந்திரிக்கிற வரைக்கும் இருக்கும்."

அவர் விலகியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஒருமுறை அவரிடம் சொன்னேன். "நீங்க ஆடினதில்ல தம்பி, அதான்" என்றார்.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் இப்போது கிழக்குப் பிரிவின் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாரிய அணிக்காக இரண்டாம் டிவிஷனில் கோல் காக்கிறார். போன பருவத்தில் பதினோரு கோல் விட்டார். நாட்டு அணியிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை, அவரும் கேட்கவில்லை. முப்பத்தேழு ஆட்டம், முப்பத்தேழாகவே இருக்கிறது.