மஞ்சள் சட்டைக்குப் பின்னால்

பிள்ளைகளே, அப்பா ஓட்டத்தில் கடைசியாக வந்த கதையைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள்.

அகதிகளின் வழக்குகளுக்கு வக்கீல் வைக்க நிதி திரட்டச் சிங்கப்பூரில் நடந்த ஓட்டம் அது. நான் நேரத்துக்குள் ஓடி முடித்தால்தான் ஆபீஸ் நண்பர்கள் பணம் தருவார்கள். லிட்டில் இந்தியா வரும்போதே மூச்சு வாங்கியது, வழியும் தவறிவிட்டது. தூரத்தில் எங்கள் ஓட்டத்துக்குத் தந்தது போலவே மஞ்சள் டீ-சர்ட்டில் ஒருவர் போனார். அவரும் எங்களோடு ஓடுகிறவர் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்தார். நானும் விடவில்லை. ஒரு முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டார். கையிலிருந்த பை கிழிந்து வெங்காயம் உருண்டது.

"அண்ணே, நான் என்ன செஞ்சேன்? ஏன் துரத்துறீங்க?"

"நீங்க ஏன் ஓடினீங்க லா?"

"நீங்க துரத்துனீங்களே!"

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தப்பும் செய்யாதவரும் பயந்து ஓடுவார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வெங்காயம் எங்கயும் போகாதுண்ணே, அப்புறம் பொறுக்கிக்கிறேன். வாங்க, வழி காட்டுறேன், ஓட்டத்த முடிச்சு மூடிடப் போறாங்க!"

எல்லைக்கோடுவரை கூடவே ஓடிவந்தார். கடைசி ஆளாக, ஆனால் நேரத்துக்குள் ஓடி முடித்தேன். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

உடனே தனியாக அந்தச் சந்துக்குப் போனேன். வெங்காயத்தையெல்லாம் பொறுக்கி, என் மஞ்சள் சட்டையில் மூட்டை கட்டி, அவர் வந்தால் கண்ணில் படும்படி வைத்தேன்.

பனியனோடுதான் எம்ஆர்டி ரயில் ஏறினேன்.