தங்கையன் அண்ணன் வண்டியின் பின் ஸீட்

பெட்ரோலும் ஈர ஓலையும் கலந்த அந்த வாசனை... இன்றைக்கும் எங்காவது வந்தால் எனக்கு அண்ணனின் ஷெட்தான் ஞாபகம் வரும்.

கேரள எல்லையில் பாறசாலைப் பக்கம் எங்கள் வீடு. நிலச்சீர்திருத்தத்தில் அப்பாவுக்குப் பட்டயம், அதாவது பட்டா, கிடைத்த பத்து சென்ட். மூலையில் ஓலை ஷெட் போட்டு என் அண்ணன் செல்வா வண்டி வேலை பார்த்தான். பக்கத்து வீட்டுத் தங்கையன் அண்ணன் கல்ஃபிலிருந்து லீவில் வந்தார், புது பைக் வாங்கினார், கல்யாணமும் செய்தார். திரும்பும்போது வண்டியை என் அண்ணனிடம் விட்டார்.

"செல்வா, வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் போடு. அடுத்த வரவுக்கு உனக்கு விசா உண்டு."

ஸ்டார்ட் மட்டுமா பண்ணினான்! லெக் கார்டு போச்சு. சைடு பாக்ஸ், செயின் கவர், சேலை சிக்காமல் காக்கும் கம்பி... "எடை கொறைஞ்சா பறக்கும் பிள்ளே" என்பான் தங்கை என்னிடம். கடைசியில் எஞ்சின், டேங்க், ஒற்றை ஆள் ஸீட். தனுவச்சபுரம் காலேஜ் பையன்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வாயைப் பிளந்தார்கள். எனக்கோ பகீரென்றது.

"அவரு வந்தா என்ன செய்வே?"

"ஓட்டிப் பாத்தா அவருக்கே புடிச்சுப்போவும்."

ஒரு ஞாயிறு காலை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். இரண்டு வருஷம் கழித்துச் சேர்ந்து சர்ச்சுக்குப் போகப் பட்டுச்சேலையில் அவர் மனைவி லில்லி மைனியும் கூட. அண்ணன் வண்டியை மூடியிருந்த சாக்கை விலக்கினான்.

"எந்தடா இது?" அதிர்ச்சியில் அவருக்கு மலையாளம்தான் வந்தது.

ஆனாலும் ஏறினார். ஒரு சுற்று போய் வந்தவர் முகத்தில் சிரிப்பு. அப்பாடா... எனக்கு உயிர் வந்தது.

"கொள்ளாம் லே செல்வா, பறக்குது!"

அப்போதுதான் மைனி கேட்டார். "நான் எங்க இருக்கியதாம்?"

தங்கையன் அண்ணன் சிரிப்பு அப்படியே போச்சு. மைனி அழுதுகொண்டு நடந்தே போனார். "விசான்னு இனி என் வாசல்ல வராதே" என்று செல்வாவிடம் கத்திவிட்டுத் தங்கையன் அண்ணன் மைனி பின்னால் ஓடினார். விசா ஒரு பெருங்கடவிளைக்காரனுக்குப் போனது. அண்ணன் இன்றும் அதே பத்து சென்டில்தான்.

போன வாரம் என் மகன் வந்தான். பைக் கம்பெனி இஞ்சினியர். அவன் டீம் வருஷக்கணக்காக உழைத்து உருவாக்கிய, கம்பெனியின் மிகப் பெரிய பைக்கை எனக்கும் அண்ணனுக்கும் போனில் காட்டினான்.

ஐயோ! தூக்கிவாரிப்போட்டது எனக்கு. கவர் இல்லை, கார்டு இல்லை, எஞ்சின் முழுக்க வெளியே. அண்ணன் வண்டியேதான்! அன்றைக்கு நாசம் பண்ணின வண்டி... இன்றைக்குப் பல லட்சமாம், க்யூவில் நிற்கிறார்களாம்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வெகுநேரம் பார்த்தான். அழுதுவிடுவானோ என்று பயந்தேன். போனைத் திருப்பிக் கொடுத்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"நல்லாருக்கு மக்கா... இதுல உன் பெண்டாட்டி எங்க இருப்பா?"