இடது மைக்கில் ஒரு ‘டொக்’

போன செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணி. வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால், செந்தில் அண்ணனின் குட்டியானை வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருக்கிறது.

‘ஐயோ, இன்றைக்கா!’ என்று கையிலிருந்த குச்சியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டுக்கு வண்டி வந்தால் ஏன் பதற வேண்டும்? சொல்கிறேன்.

என் டிரம் செட்டைப் பற்றி இந்தப் பத்தியில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். பெரம்பலூரில் வேலைக்குச் சேர்ந்து, முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து, பழையதாக வாங்கியது. வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அது வந்து இறங்கிய அன்று, “பாப்பா கல்யாணத்துக்கு அண்டா வாங்கிட்டீங்களா?” என்று அம்மாவிடம் விசாரித்தவர்கள் உண்டு.

அந்த அண்டாவுக்கு இப்போது ஒரு வாய்ப்பு வந்திருந்தது. சென்னையில் ஒரு இசையமைப்பாளர், தன் பாட்டுக்கு என்னை வாசித்து அனுப்பச் சொல்லியிருந்தார். செவ்வாய் மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் கம்ப்யூட்டர் டிரம்ஸ் போட்டு முடித்துவிடுவார். சரியாக வந்தால், பாட்டின் பெயர்ப்பட்டியலில் ‘டிரம்ஸ்’ என்ற இடத்துக்கு எதிரே என் பெயர்.

“எத்தன மைக் வச்சிருக்கம்மா?” என்று போனில் கேட்டார்.

“நாலு சார்.”

“நாலா? இங்க ஒரு டிரம்முக்கே ரெண்டு வைப்போம்!”

சிரித்தார். சிரிக்கட்டும். அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது... பருத்தி.

எங்கள் பின்னறை வெறும் சிமென்ட். கைதட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடும். பருத்தி எடுத்து முடித்த நாட்களில் அதே அறை வேறு ஆளாகிவிடும். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மூட்டைகள், நடுவில் டிரம் செட். இப்போது கைதட்டினால் ‘பட்’. அவ்வளவுதான். ஸ்டூடியோக்களில் இதற்காக எவ்வளவோ செலவழித்துச் சுவரை மூடுகிறார்கள். எங்களுக்கு அது கொல்லையில் விளைகிறது!

நாலு மைக்கில் ஒன்று காலால் அடிக்கும் பெரிய டிரம்முக்கு. ஒன்று ஸ்நேருக்கு — மடிக்கு நேரே, சுள்ளென்று வெடிக்குமே, அது. மீதி இரண்டும் தலைக்கு மேலே, இடதும் வலதுமாக. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்நேரின் நடுவிலிருந்து மேலே இருக்கும் இரண்டு மைக்குக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். மூட்டை தைக்கும் சணலை வெட்டி அளந்து வைத்திருந்தேன். நாலு விரல் மாறினாலும் போச்சு — ஒரே அடி இரண்டு மைக்கிலும் முன்னே பின்னே போய் விழும். சேர்த்துக் கேட்டால் சத்தம் சூம்பிவிடும்.

சரி, வண்டிக்கு வருவோம்.

“நாளைக்குத்தானே எடுக்கறேன்னீங்க?” என்று அப்பாவிடம் பாய்ந்தேன்.

“மேக்கால பாத்தியா? மலை மேல கருப்பு கட்டிக்கிட்டு நிக்குது. மழை புடிச்சா பருத்திய கமிட்டி ஏலத்துக்குக் கொண்டு போவ முடியாது. அங்க கொண்டு போயி குடோன்ல போட்டுட்டா நிம்மதி.”

“எனக்கு மூணு மணிக்குள்ள அனுப்பணும்ப்பா. மூட்ட போயிட்டா ரூம் கத்தும்!”

அப்பா வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஒரு பாட்டு எவ்வளவு நேரம்?”

“நாலு நிமிஷம்.”

“அப்ப அடி. நீ அடிக்கிற வரைக்கும் கை வைக்கல. நிறுத்துனதும் ரெண்டு மூட்ட எடுத்துக்கறோம். வாசப்பக்கத்துலேருந்து எடுக்கறேன், ஒன்ன சுத்தி இருக்கறத கடேசியா எடுக்கறேன். சரியா?”

“பருத்திக்குக் கச்சேரி வைக்கிற வூடு இது ஒண்ணுதான் மாமா,” என்றார் செந்தில் அண்ணன்.

முதல் டேக். நடுவில் அம்மாவின் குக்கர் விசில்.

இரண்டாவது டேக். கடைசி வரை வந்து, கை வியர்த்துக் குச்சி நழுவியது. மணி ஒன்று. வாசல் பக்கச் சுவர் வெறுமையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. தூரத்தில் ஒரு இடி உறுமல்.

மூன்றாவது டேக்கில் பாதி தாண்டவில்லை — சும்மா நின்றவர்களுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது, வண்டியில் பாட்டு அலறியது. நான் துள்ளி எழுந்து, “அண்ணே! நிறுத்துங்கண்ணே!” என்று கத்தினேன். அந்த இடைவெளியில் இன்னும் மூட்டைகள் போயின.

நாலாவது டேக்... கையும் காலும் தானாக ஓடின. பாட்டின் கடைசி அடி விழுந்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. இதுதான்! ஹெட்போனை மாட்டிக் கேட்டேன்.

ஸ்நேர் செத்துக் கிடந்தது. தகர டப்பா தேவலாம்.

சணலை எடுத்து அளந்தேன். இடது மைக் நாலு விரல் கிட்டே வந்திருந்தது.

“யாரு இத நகத்துனது?”

அப்பா, அந்த மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் நின்றார். அவர் தோளில் மூட்டை.

“நானாத்தான் இருக்கும் பாப்பா. இழுக்கயில முதுவு பட்டிருக்கும்.”

“படிக்காதவங்க கைய வச்சா இப்படித்தான் ஆகும்!”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைத்ததில்லை. அந்தக் கர்வம் இப்படி ஒரு வாயோடு வெளியே வரும் என்று நான் நினைத்ததில்லை.

“என்னாடி பேச்சு இது?” — அம்மா கதவருகே வந்துவிட்டாள்.

“நீ உள்ள போ. புள்ள அவசரத்துல இருக்குது,” என்றார் அப்பா.

தோளில் இருந்த மூட்டையை இறக்கி, எடுத்த இடத்திலேயே வைத்தார். பிறகு வெளியே போனார். வண்டியிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்!

“மாமா! மேகம் எறங்குது, நீங்க வண்டிய எறக்குறீங்க?” என்று செந்தில் அண்ணன் அலறினார்.

“இது எங்க இருந்துச்சு, காட்டு பாப்பா. அங்கயே வச்சிடறேன்.”

நகர்ந்தது மைக். மூட்டை திரும்பி வர வேண்டிய தேவையே இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மறுபடி சணல். மறுபடி அளவு. அப்பா, அம்மா, செந்தில் அண்ணன் மூன்று பேரும் வாசற்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐந்தாவது டேக்.

வந்துவிட்டது.

கடைசியாக அடித்த சிம்பல் தட்டின் அதிர்வு அடங்குவதற்குள் அப்பா மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டார். எல்லாம் ஏறி, தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. கடைசியாக ஏறிய அந்த இரண்டு மூட்டைகளுக்குத் தார்ப்பாய் எட்டவில்லை. செந்தில் அண்ணன் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினார். சட்டை எந்த மூலைக்கு?

இரண்டே முக்காலுக்குப் பாட்டை அனுப்பி முடித்தேன். ஐந்து மணிக்கு போன்.

“ரூம் சவுண்ட் நல்லாருக்கேம்மா. சுவத்துல என்ன போட்டிருக்க?”

“பருத்தி சார்.”

“அப்படி ஒரு பிராண்டா?”

என் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

அப்பா திரும்பி வந்தார். அந்த இரண்டு மூட்டையை மட்டும் கமிட்டியில் ஈரம் என்று ஒதுக்கிவிட்டார்களாம். அவற்றைத் திண்டு மாதிரி சுவரோரம் சாய்த்துவிட்டு, அம்மாவிடம் சொன்னார்: “என்னாலதான். நான் மைக்க இடிக்காம இருந்திருந்தா பாப்பா அப்பவே முடிச்சிருக்கும்.” மறுநாள் டீக்கடையிலும் இதையே சொல்லியிருக்கிறார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

வியாழக்கிழமை, வீணான டேக்குகளை அழிக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்றாவது டேக். டிரம்ஸ் நிற்கிறது. இடது மைக்கில் மட்டும், காதுக்குள்ளேயே அடித்த மாதிரி, ஒரு ‘டொக்’. அடுத்த நொடி என் குரல்: “அண்ணே! நிறுத்துங்கண்ணே!”

அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், வண்டிப் பக்கமிருந்து அப்பாவின் குரல்: “பாட்ட அணைடா செந்திலு, புள்ள கத்துது பாரு.”

நாலு முறை கேட்டேன். துள்ளி எழுந்தது நான். தோள் என்னுடையது. அப்பா அந்த நேரத்தில் அறையிலேயே இல்லை.

மைக் எவ்வளவு நகர்ந்தது என்று நாலு விரல் சுத்தமாக அளக்கத் தெரிந்த எனக்கு, அதைத் தள்ளியது யார் என்று ஒரு நிமிடம் யோசிக்கத் தெரியவில்லை. ஏன்? பதில் தயாராக, பக்கத்திலேயே நின்றதே... தோளில் மூட்டையோடு!

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வியாழன் போனது, வெள்ளி போனது. வாய் வரை வருகிறது, திரும்பிவிடுகிறது. திட்டும்போது அவ்வளவு வேகமாக வந்த வாய்!

இந்தப் பத்தி வெளிவரும் நாளில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பத்திரிகையை அப்பா இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொள்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு வாய்விட்டுப் படிப்பேன். ஒருமுறை அவரைக் கிண்டலடித்த ஒரு பாராவைப் படிக்காமல் தாண்டிப் போய், பிறகு டீக்கடையில் யாரோ அவரிடம் சொல்லி மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து முடித்ததும் கேட்பார்: “அவ்வளவுதானா? எதையும் வுடலயே?”

வுடலப்பா. இந்த வாரம் ஒரு வரிகூட வுடல.