நல்ல நேரத்தில் அறுத்த தூண்

என் வீட்டுத் தூணை அறுத்தது என் அண்ணன்தான். நல்ல நேரம் தாண்டிவிடக் கூடாது என்று அறுத்தார். இதைச் சொன்னால் வெளியாட்கள் நம்புவதில்லை. சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள், ஆனால் அதில் என்ன தப்பு என்று கேட்கிறார்கள்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு மகளை வளர்த்ததும் வேலம்பாளையம் தாண்டி ஒரு சைட் வாங்கியதும் அந்த வேலையில்தான். வீடு கட்ட ஆரம்பித்தபோது அண்ணன் வந்தார். "ஆம்பளை இல்லாத ஊடு. மேஸ்திரிககிட்ட நீ எப்படிப் பேசுவே அம்மிணி? நானிருக்கறேன், பாத்துக்கறேன்" என்றார். கம்பெனியில் ஒரு செக்ஷனையே வேலை வாங்குகிறவளுக்கு ஒரு மேஸ்திரியிடம் பேச வராதாம். ஆனாலும் அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

தூண்களை எழுப்பி, மேலே கான்கிரீட் போட்ட பிறகு நிலவு வைக்க நாள் பார்த்தோம். தலைவாசலுக்கு மரச்சட்டம் நிறுத்துவதைத்தான் எங்கள் பக்கம் நிலவு வைப்பது என்போம். அது பாதிக் கல்யாணம் மாதிரி. சொந்தபந்தம் கூடி, சுமங்கலிகள் மஞ்சள் குங்குமம் வைத்து, நல்ல நேரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். வாசல் பார்வையாக இருக்கட்டும் என்று அண்ணனே நல்ல அகலமான தேக்குச் சட்டமாகச் செய்யச் சொல்லியிருந்தார்.

நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். நங்கை, அதாவது அண்ணன் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அம்மிணி, நீங்க பின்னாடி போயி டிபனைப் பாத்துக்கறீங்களா? நிலவு வெச்சதும் கூப்பிடறனுங்க." எங்கள் ஊரில் யாரும் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசுவதில்லை. ஓரமாகப் போகச் சொல்வதையும் 'ங்க' போட்டுத்தான் சொல்வோம்.

பின்னால் நின்று இட்லியை எண்ணிக்கொண்டிருந்தபோது முன்பக்கம் கட்டிங் மிஷின் அலறியது. சட்டம் பொருந்தாமல் மரத்தை அறுக்கிறார்கள் போல என்று நினைத்தேன். கூப்பிட்டபோது போனேன். நிலவு மாலையும் மாவிலையுமாக நின்றது. பக்கத்துத் தூணில் ஈரம் காயாத சிமெண்ட் பூச்சு இருந்தது. கும்பிட்டுவிட்டு எல்லோருக்கும் காபி கொடுத்தேன்.

பிறகு மாடியில் மகளுக்கென்று ஒரு அறை எழுப்பினோம். அதற்குக் கூரை போட்ட கொஞ்ச நாளில் தலைவாசல் தூணின் பூச்சில் ஒரு கோடு விழுந்தது. பூச்சு என்றால் அப்படித்தான், பெயின்ட் அடித்தால் போய்விடும் என்றார் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. நாள் முழுக்கத் துணியில் ஓட்டை தேடுகிற கை, சும்மா இருக்குமா? தட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லாதது போலச் சத்தம் வந்தது.

உடைத்துப் பாருங்கள் என்றேன் மேஸ்திரியிடம். "அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களே" என்றார் அவர். அவர் கையிலிருந்த சுத்தியலை வாங்கி நானே உடைத்தேன். உள்ளே செங்கல் துண்டும் மடித்துத் திணித்த சிமெண்ட் சாக்கும்தான் இருந்தன. தூணில் ஒரு பக்கத்தைக் காணோம். மேலேயிருந்து வந்த கம்பிகள் பாதியில் வெட்டுப்பட்டு நின்றன.

வெளியிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டினேன். மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்து, நிலவைக் கழற்றி, தூணைப் புதிதாகக் கட்ட வேண்டும், இப்படியே விட்டால் மாடி எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்றார். மாலையில் அண்ணன் வந்தார்.

"ஏனுங்ணா, தூணையா அறுத்தீங்க?"

"நிலவு உள்ள போகலை அம்மிணி. அகலம் சித்த கூடிப்போச்சு. மரத்தச் செதுக்குனா மூளியாயிரும். நேரம் வேற ஓடுது, அத்தனை சனம் பாத்துட்டு நிக்குது."

"பின்னாடிதான நின்னேன். எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே."

"நல்ல காரியத்துல எதுக்கு உன்னையப் போயி..." என்று நிறுத்திக்கொண்டார்.

மூளி. தாலி அறுந்தவளுக்கும் எங்கள் பக்கம் அதே வார்த்தைதான். மரம் மூளியாகக் கூடாது என்று தூணை மூளியாக்கியிருக்கிறார், தங்கச்சியிடமே அந்த வார்த்தையைச் சொல்கிறார், முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. கம்பெனியில் ஓட்டை விழுந்த பீஸின் மேல் லேபிளைத் தைத்து மறைத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அண்ணனை எங்கே அனுப்புவது?

நிலவைக் கழற்றப் போகிறேன் என்றதும்தான் அவருக்குக் கோபம் வந்தது. "வெச்ச நிலவைக் கழட்டுனா குடும்பத்துக்கு ஆகாது. அப்படிக் கழட்டறதுன்னா இந்தப் பக்கம் நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். தூணை அறுத்தது மட்டும் எந்தக் குடும்பத்துக்கு ஆகுமோ தெரியவில்லை. அடுத்தடுத்த நாட்களில் காதுக்கு வந்த பேச்சு இன்னும் நன்றாக இருந்தது. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றதால்தான் நிலவு உள்ளே போகவில்லையாம். அண்ணன் அதை இல்லை என்று சொல்லவில்லை.

கழற்றுகிற அன்று காலை, இரும்பு முட்டுகளை நிறுத்தி முடித்த நேரத்தில் அம்மா போனில் கூப்பிட்டார். அம்மா இருப்பது அண்ணன் வீட்டில்தான்.

"அண்ணன் சோறே திங்கலை சாமி. நீ ஒரு வார்த்தை மன்னிச்சுக்கங்கண்ணான்னு சொல்லிரு. நிலவைத் தொடாத. தூணை நாளைக்குக்கூடக் கட்டிக்கலாம், அண்ணன் கெடைப்பானா?"

"மாடியில படுக்கப்போறது உங்க பேத்திங்கம்மா."

அதைக் கேட்டாவது அம்மா எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"அப்ப அவளையக் கீழ படுக்கச் சொல்லு" என்றார்.

போனை வைத்துவிட்டு, நிலவைக் கழற்றச் சொன்னேன்.