தெரியாத ஒருவர் செய்த விளக்கு

ஓசூரில் என் குடியிருப்பின் நான்காம் மாடியில் விடியற்காலையில் முதலில் கேட்பது தொழிற்சாலைப் பேருந்துகளின் ஒலி. அடுத்தது என் குரல். பதிகத்தை முழுவதும் பாடி முடிக்கும்வரை இவ்வீட்டில் வேறொன்றும் ஒலிப்பதில்லை. மனைவி மறைந்து, மகள் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றபின், என் பாட்டைக் கேட்பவன் இறைவன் ஒருவனே. கேட்டதற்கு அடையாளம் காட்டு என்று அவனிடம் வேண்டும் துணிவு எனக்கில்லை. மனிதர்களிடமிருந்து மட்டும் ஓர் அடையாளம் வந்துகொண்டிருந்தது.

அதற்கு வழி செய்தவர் எங்கள் பாராயணக் குழுவில் இருந்த நண்பர். தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நிரல் எழுதி ஓய்வு பெற்றவர். குழு கலைந்து, நான் ஓசூரிலும் அவர் கிருஷ்ணகிரியிலும் மற்றொருவர் தம் ஊரான கல்லாவியிலுமாகப் பிரிந்தபோது, சிறிய ஆப் ஒன்றை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். திரையில் மூன்று அகல்கள். காலையில் பாடி முடித்தவர் தம் அகலைத் தொட்டால் மற்ற இருவர் போனிலும் அது எரியும். கல்லாவி நண்பருக்குக் காது கேட்காது. போனில் பேச இயலாத அவருக்காகவே அது பிறந்தது. செய்தவர் சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அவருடைய நடு அகல் அன்றிலிருந்து இருண்டுவிட்டது.

இந்தக் கோடையில், பழைய போனில் சார்ஜ் நிற்கவில்லை என்று மகள் புதியது வாங்கித் தந்தாள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியிருந்த அகல் ஆப்பை அதில் நிறுவ முனைந்தேன். போன் அதைச் சோதித்துவிட்டுத் தடுத்தது. இதைச் செய்தவர் யாரென்று தெரியவில்லை, இது தீங்கு விளைவிக்கலாம் என்றது. தெரியவில்லையா? அவர் பாடைக்குத் தோள் கொடுத்தவன் நான். அடியில், சிறிய எழுத்தில், ‘எப்படியும் நிறுவு’ என்று ஒரு வழியும் இருந்தது.

மகளை அழைத்தேன்.

“அப்பா, அதுல கை வெக்காதீங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கல்யாணப் பத்திரிகைன்னு வந்த ஃபைலத் தொறந்தாரு. பேங்க் அக்கவுண்டே காலி.”

“இது அவர் செஞ்சதும்மா.”

“அவர் நல்லவருதாம்ப்பா. அந்த ஃபைல் நல்லதான்னு யாரு பாத்தா?”

என் ஓய்வூதியமும் அந்தப் போனுக்குள்தான் இருந்தது. அடங்கிவிட்டேன். கல்லாவிக்குச் செய்தி அனுப்பினேன். அவரோ செய்திகளைத் திறப்பவரல்லர், அகலை மட்டும் பார்ப்பவர். ஒவ்வொரு காலையும் பாடி முடித்ததும் என் விரல் பழக்கத்தால் திரையைத் தேடி, ஒன்றும் காணாமல் மடங்கியது.

ஒரு முற்பகலில் அழைப்புமணி ஒலித்தது. வாசலில் கல்லாவி நண்பர், வியர்த்து, கையில் பையுடன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யோவ், உசுரோடதான் இருக்கியா!” காது கேளாதவரின் குரல் மாடி முழுவதும் அதிர்ந்தது. “உன் வெளக்கு எரியலன்னதும் மாலை வாங்கிக்கினு போங்கன்னா மருமவ. மொதல்ல ஆளப் பாத்துக்கலாம்னு வந்துட்டேன்.”

நான் சிரித்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் அமர்ந்து அழுதார். நடந்ததைத் தாளில் எழுதிக் காட்டினேன்.

“தெரியாதவரா? அந்த போனுக்கு உன்னயும் என்னயும் மட்டும் தெரியுமாக்கும்?” என்றார்.

மாலைப் பேருந்தில் அவர் திரும்பியபின் வீடு முன்னைவிடப் பெரிதாகத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு மகள் வந்தாள். நண்பர் வந்துபோனதைச் சொன்னேன். அவள் அலமாரியிலிருந்து பழைய போனை எடுத்தாள். சிம்மைக் கழற்றி, வங்கி ஆப்பை நீக்கி, வைஃபையை மட்டும் விட்டுவைத்தாள்.

“பேங்க் எல்லாம் புது போன்லயே இருக்கட்டும். இதுல வெளக்கு மட்டும். சார்ஜர்லயே கெடக்கட்டும்ப்பா.”

அது இப்போது பூசை மாடத்தில், சுவாமி படத்தருகே இருக்கிறது. காலையில் என் அகலைத் தொடுகிறேன். சற்றுப் பொறுத்துக் கல்லாவி அகல் எரிகிறது. நடுவில் இருள் அப்படியே நிற்கிறது. பேரன் தமக்கும் புதிய போன் வாங்கித் தரப்போவதாக அன்று நண்பர் சொல்லிப்போனார். ஆகவே என்றோ ஒரு காலை கல்லாவி அகலும் எரியாதிருக்கும். காரணம் எதுவென்று இந்தப் போன் எனக்குச் சொல்லாது. கல்லாவிப் பேருந்தில் ஏறுவேன். மாலை வாங்காமல்தான் போவேன்.