காயாத பாலிஷ்

இன்று காலை என் மகன் வாசலில் நின்று தன் காரைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தான். வெள்ளைக் கார், வாங்கி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. காரைக்குடியில் எங்கள் தெருவுக்கு நிழல் என்று இருப்பது ஒரு தூங்குமூஞ்சி மரம்தான். ராத்திரி முழுக்க அதன் அடியில் நின்றதில், பழுத்த நெற்றுகள் உதிர்ந்து நசுங்கி, பானட் எல்லாம் வெல்லப்பாகு காய்ந்ததுபோல் பழுப்புத் திட்டுகளாகக் கிடந்தது. மருமகளின் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் போகவேண்டும். அவன் ஒரு திட்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். "நகத்த வைக்காத, பெயிண்ட்டு போயிரும்" என்று உள்ளே இருந்தபடியே அதட்டினேன். அதட்டிய பிறகுதான் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பது எனக்கே உறைத்தது. அது டிரைவர் அண்ணனின் வார்த்தை.

அறுபதுகளின் கடைசியில் நான் கோட்டையூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்தேன். ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான், ஒரு ஜீப், அந்த ஜீப்புக்கு ஒரு டிரைவர். சுற்றுவட்டாரத்தில் மோட்டார் வண்டி என்று அவசரத்துக்கு இருந்தது அது ஒன்றுதான். பெரிய வீடுகளில் கார்கள் இருந்தன; ஆனால் வீட்டுக்காரர்கள் கடல் தாண்டி இருந்தார்கள், கார்கள் உறை போர்த்திக் கிடந்தன. டிரைவர் அண்ணன் நெட்டையான மனிதர், சட்டையில் மடிப்புக் கலையாதவர், வாயைத் திறந்தால் எரிச்சல். வண்டியில் ஏறுகிற யாராக இருந்தாலும் கால் மண்ணைத் தட்டிவிட்டுத்தான் ஏறவேண்டும். வலி எடுத்துத் துடிக்கிற பிள்ளைத்தாய்ச்சியிடமும் அதையே சொல்வார். எனக்கும் அவருக்கும் அதிலேயே பலமுறை சண்டை. அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜீப்புக்குக் கொட்டகை கிடையாது. நிலையத்து வளாகத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் அடிதான் கொட்டகை. பங்குனி பிறந்தால் நெற்று உதிரத் தொடங்கும். அந்தத் தித்திப்பு வாடைக்கு ஊர் ஆடுகளெல்லாம் வந்துவிடும். சில ஆடுகள் பானட்டிலேயே ஏறி நின்று தின்னும். டிரைவர் அண்ணன் கம்பை எடுத்துக்கொண்டு ஆட்டையும் ஆட்டுக்காரனையும் சேர்த்து விரட்டுவார். பிறகு கறை எடுக்க உட்காருவார். ஈரச் சாக்கைத் திட்டின்மேல் போட்டு அது இளகும்வரை காத்திருப்பார். இளகியதும் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பழைய வேட்டித் துணியால் வட்டமாகத் தேய்ப்பார். அப்படியும் போகாத இடத்துக்குத்தான் மண்ணெண்ணெய். அதை உடனே சீயக்காய்த் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். கடைசியில் பாலிஷ். ஒருநாள் நான் உதவி செய்யப்போய் நகத்தை வைத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெற்ற பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி அந்த ஜீப்பைத் துடைப்பார். அவருக்குப் பிள்ளை இல்லை.

அதற்கு முந்தைய வருடம் மதுரையிலிருந்து பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்திருந்தார். மருந்து அலமாரியைப் பார்த்தார், பிரசவ அறையை எட்டிப் பார்த்தார், கடைசியில் ஜீப்பின் பானட்டில் விரலை வைத்து இழுத்தார். பிசுபிசுப்பு ஒட்டிய அந்த விரலை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டி, இது சர்க்கார் வண்டியா, காக்காய்க் கூடா என்று கேட்டார். டிரைவர் அண்ணன் தலை குனிந்து நின்றார். நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றைக்கு அவர் முகம் செத்துப்போனது. அடுத்த முறையும் இப்படி இருந்தால் வேலை இருக்காது என்று டாக்டர் வேறு சொல்லி வைத்தார்.

அடுத்த சித்திரையில் அதே அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. டிரைவர் அண்ணன் சாப்பாடு தூக்கத்தைக்கூட மறந்து ஜீப்பைத் தேய்த்தார். கறை என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. பானட்டில் முகம் தெரிந்தது. நெற்று விழாமல் இருக்க வண்டியை மரத்தடியிலிருந்து எடுத்து முன்வாசலில் நிறுத்தினார். அதிகாரி வந்து போகும்வரை வண்டி நகரக்கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டுவிட்டு, அவரை எதிர்கொள்ள மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார். சாவி டிரைவர் அண்ணனின் சட்டைப்பையில் இருந்தது.

நான் அன்று நிலையத்தில் இல்லை. விடியற்காலையிலேயே ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து ஆள் வந்து, உள்ளே தள்ளி இருந்த அவர்கள் ஊருக்கு மாட்டுவண்டியில் கூட்டிப்போயிருந்தார்கள். தலைப்பிரசவம். இன்னும் முகத்தில் பள்ளிக்கூடக் களை மாறாத பெண். நான் போய்ப் பார்த்தபோது பிள்ளை குறுக்கே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கை மட்டும் வெளியே வந்துவிட்டது. அதற்குமேல் வீட்டில் வைத்துச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காரைக்குடிப் பெரிய ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தால்தான் உண்டு. புருஷனின் தம்பியைச் சைக்கிளில் அனுப்பி, உடனே ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னேன். அந்தப் பெண் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, ஜீப்பு வந்துருமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். வந்துவிடும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தம்பி மட்டும்தான் திரும்பி வந்தான். மூச்சு இரைக்கச் சொன்னான்: "பாலிஷ் இன்னும் காயலையாம். புழுதி பட்டா ஒட்டிக்கிருமாம். அதிகாரி போனதும் வந்துர்றேன், அதுக்குள்ள வண்டியக் கட்டிக் கெளம்பச் சொல்லுன்னாரு."

எனக்கு அன்று வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் அளக்க முடியாது. ஆனால் கோபப்பட நேரம் இல்லை. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்கவைத்துப் புறப்பட்டோம். வண்டிப்பாதை முழுக்கக் குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் அவள் அலறினாள். போகப்போக அலறல் முனகலாயிற்று, மெயின் ரோட்டை எட்டுவதற்குள் முனகலும் நின்றுவிட்டது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். நாடி நின்ற பிறகும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வண்டியைத் திருப்பலாம் என்று முடிவுசெய்தபோது ஜீப் வந்தது. பின்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த வேகத்தைப் பார்த்தால் அவர் ஓட்டுகிற மாதிரியே இல்லை. இறங்கி ஓடிவந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவளை ஜீப்பில் ஏற்றிக்கொள்கிறேன், வீட்டுக்காவது கொண்டுபோகிறேன் என்று கெஞ்சினார். அந்தப் புருஷன் ஏசவில்லை, கைநீட்டவில்லை. அழக்கூட இல்லை.

"இனிமே என்ன அவசரம்ணே. மாடே கொண்டுபோகட்டும்" என்றான்.

மாட்டுவண்டி முன்னால் போயிற்று. அதன் பின்னால், மாட்டின் நடைக்கு, அந்த ஊர்வரைக்கும் ஜீப்பை உருட்டிக்கொண்டே வந்தார் டிரைவர் அண்ணன். முகம் தெரிந்த பானட்டில் வண்டிப்பாதைப் புழுதி முழுக்க அப்பிக்கிடந்தது.

திரும்பி வரும்போது அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஜீப்பு வந்திருந்தா?"

பிள்ளை தங்கியிருக்காது, அவள் பிழைத்திருப்பாள் என்றேன். பொய் சொல்லி அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மறுநாள் கம்பவுண்டர் சொல்லித்தான் மற்றது தெரிந்தது. அதிகாரி பானட்டைத் தடவிப் பார்த்து, வண்டி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று டிரைவரை எல்லோர் முன்னாலும் பாராட்டினாராம். அவர் பாராட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் வண்டிப்பாதையில் இருந்திருப்போம்.

அதற்குப் பிறகு டிரைவர் அண்ணன் ஜீப்பை மறுபடி மரத்தடியிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். நெற்று விழுந்தது, ஆடு ஏறியது, அவர் கம்பை எடுக்கவில்லை. கண்ணாடியை மட்டும் துடைப்பார். மருந்தறை வாசலில் ஒரு ஆணி அடித்து, சாவியை அதில் மாட்டினார்; கம்பவுண்டருக்கும் வண்டி ஓட்டத் தெரியும் என்பதால், தான் இல்லாவிட்டாலும் வண்டி போகவேண்டும் என்றார். யாரையும் காலைத் தட்டச் சொல்வதும் நின்றுபோனது. டாக்டர் திட்டிப் பார்த்தார், மெமோ கொடுத்துப் பார்த்தார். வேலை போய்விடுமே, துடைத்துத் தொலையுங்களேன் என்று நானே ஒருநாள் கேட்டேன்.

"கறை கெடக்கட்டும் நர்ஸம்மா. அழுக்கு வண்டியா இருந்தா, யாரும் போகாதேன்னு நிறுத்தி வைக்கமாட்டாக" என்றார்.

அடுத்த ஆய்வுக்கு ஜீப் அந்தக் கோலத்திலேயே நின்றது. அதிகாரி முகத்தைச் சுளித்தார். அந்த மாதக் கடைசியில் டிரைவர் அண்ணனைக் கடலோரத்தில் ஏதோ ஒரு ஊருக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள். தகரப் பெட்டியோடு பஸ் ஏறியவர் எங்களிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் எனக்குக் கிடைக்கவில்லை. அவரை மன்னித்தேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புதிதாக வந்த டிரைவர் முதல் வேலையாகச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

இன்று ஈரச் சாக்கு, தேங்காய் எண்ணெய், பழைய வேட்டி எல்லாம் மகனுக்கு நானே எடுத்துக்கொடுத்தேன். மத்தியானத்துக்குள் கறை போய்விட்டது. கடையில் வாங்கிவந்த பாலிஷையும் போட்டு, மரத்தடியிலிருந்து வாசலுக்கு நகர்த்தி நிறுத்தினான். பளபளத்தது. உறையைப் போர்த்திவிட்டு, கல்யாணம் முடியும்வரை இதை யாரும் தொடக்கூடாது என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். சொல்லிக்கொண்டே சாவியைச் சட்டைப்பையில் போட்டான்.

சாவியை எடுத்து வாசல் ஆணியில் மாட்டச் சொன்னேன்.

"இங்க எல்லாரும் நல்லாத்தானம்மா இருக்காக, யாருக்கு இப்ப வண்டி வேணும்?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. அவன் மாட்டும்வரை ஆணியைக் காட்டிக் கையை நீட்டிக்கொண்டே நின்றேன்.